ஆஸ்கர் யாருக்குப் போகும்? கணிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

ஆஸ்கருக்கு நடுவர் குழு கிடையாது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மீதியெல்லாம் சுலபம்.

கான் திரைப்பட விழாவில் ஒரு சிறிய குழு ஒரே அறையில் உட்கார்ந்து பேசி, வாதாடி, சில சமயம் முறைத்துக்கொண்டும் தங்கப் பனை விருதை முடிவு செய்கிறது. நம் தேசிய விருதுகளும் நடுவர் குழுவின் கையில்தான் இருக்கின்றன. அத்தகைய விருதுகளை வெளியிலிருந்து கணிப்பது வீண் வேலை. குழுவில் பிடிவாதக்காரர் ஒருவர் இருந்தால் போதும், முடிவு தலைகீழாகிவிடும். ஆஸ்கர் அப்படியல்ல, அது ஒரு தேர்தல். அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் பத்தாயிரம் பேர் அளவிலான உறுப்பினர்கள் ஒருநாளும் ஒன்றாக உட்கார்ந்து விவாதிப்பதில்லை. அவரவர் வீட்டிலிருந்து இணையவழியில் ரகசியமாக வாக்களிக்கிறார்கள். தேர்தல் என்று வந்துவிட்டால் வாக்காளர் பட்டியல், எண்ணும் முறை, முந்தைய தேர்தல்களின் போக்கு என்று பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்துவிடுகிறது. கணிப்பு விளையாட்டு முழுவதும் இந்தப் பிடிமானங்களின் மேல்தான் நடக்கிறது.

ஆனால் இந்த விளையாட்டுக்கு ரகசியம் வேண்டும். 1929 மே 16 அன்று ஹாலிவுட்டின் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்த முதல் விழாவில் அது இல்லை. வென்றவர்கள் யார் என்பது மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது, விருதுகளைக் கொடுத்து முடிக்கக் கால் மணி நேரமே ஆனது. பிந்தைய ஆண்டுகளில், விழா இரவில் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே பட்டியல் தரப்பட்டது. 1940இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தன் மாலைப் பதிப்பிலேயே அதைப் போட்டு உடைத்துவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்துதான் ஒட்டிய உறை வந்தது. கணிப்பாளர்கள் அந்தப் பத்திரிகைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

வாக்காளர்கள் யார்?

சினிமாவில் வேலை செய்கிறவர்கள். விமர்சகர்களுக்கும் ரசிகர்களுக்கும் இதில் வாக்கில்லை. நடிகர்கள், இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், ஒலிக்கலைஞர்கள், விளம்பரப் பிரிவில் இருப்பவர்கள் என்று தொழில்வாரியாகக் கிளைகளாகப் பிரிந்திருக்கிறார்கள். நடிகர்களின் கிளைதான் இருப்பதில் பெரியது. நம்மவர்களும் உண்டு. சூர்யாவுக்கு 2022இலும் மணிரத்னத்துக்கு 2023இலும் கமல்ஹாசனுக்கு 2025இலும் உறுப்பினராகச் சேர அழைப்பு வந்தது.

இத்தகைய அழைப்புகள் பெருகியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2015, 2016 ஆகிய இரண்டு விழாக்களிலும் நடிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட 20 பேரும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அகாடமி தன் கதவுகளை அகலத் திறந்தது. இன்று உறுப்பினர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறார். கணிப்பவருக்கு இது மிக முக்கியமான செய்தி. வாக்காளர் பட்டியலே மாறிவிட்டதால் 1990களின் ஆஸ்கர் புத்தியை வைத்துக்கொண்டு இன்று கணக்குப் போட முடியாது. 2020இல் கொரிய மொழிப் படமான 'பாரசைட்' சிறந்த படமானது. ஆங்கிலமல்லாத ஒரு படம் அந்த விருதைத் தொட்டது அதுவே முதல் முறை. பழைய பட்டியலில் அது நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வாக்குப் பதிவு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டம் பரிந்துரை. நடிகர்களை நடிகர்களும், ஒளிப்பதிவாளர்களை ஒளிப்பதிவாளர்களும் பரிந்துரைக்கிறார்கள். சிறந்த படத்தை மட்டும் எல்லோரும் பரிந்துரைக்கலாம். இறுதிக் கட்டத்தில் எல்லா உறுப்பினர்களும் எல்லாப் பிரிவுகளுக்கும் வாக்களிக்கலாம். அதாவது சிறந்த ஆடை வடிவமைப்புக்கான ஐந்து பேரைத் துணியின் அருமை தெரிந்தவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்களில் ஒருவரை எல்லாத் துறையினரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

இடையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரியில் 'ஆஸ்கர் பட்டியலில் தமிழ்ப் படம்' என்று செய்தி வரும், உடனே வாழ்த்துகள் பறக்கும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் போட்டியிடத் தகுதி பெற்ற படங்களின் பட்டியல் மட்டுமே. வெளியீட்டு விதிகளைப் பூர்த்தி செய்து விண்ணப்பித்த படமெல்லாம் அதில் இருக்கும். 'சூரரைப் போற்று' இடம்பெற்ற 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் 366 படங்கள் இருந்தன. இந்தியா சார்பில் வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு அனுப்பப்படுவது வேறொரு படி. 1969இன் 'தெய்வமகன்' தொடங்கி 'விசாரணை', 'கூழாங்கல்' வரை பல தமிழ்ப் படங்கள் அப்படிப் போயிருக்கின்றன. அதற்குப் பிறகு 15 படங்கள் கொண்ட குறும்பட்டியல், பிறகு ஐந்து பேர் கொண்ட பரிந்துரை, கடைசியில் விருது. கீரவாணியின் 'நாட்டு நாட்டு' பாடல் 2022 டிசம்பரில் 15 பாடல்களில் ஒன்றாகவும், 2023 ஜனவரியில் ஐந்தில் ஒன்றாகவும், மார்ச்சில் ஒரே பாடலாகவும் ஆனது. எந்தப் படியில் நிற்கிறது என்று பார்க்காமல் வாழ்த்துச் சொல்வது நல்ல மனசு, நல்ல கணிப்பு ஆகாது.

எண்ணும் முறைதான் எல்லாம்

பெரும்பாலான பிரிவுகளில் எண்ணிக்கை நேரடியானது. ஐந்து பேர் நிற்கிறார்கள், யாருக்கு அதிக வாக்கோ அவர் வென்றார். வாக்குகள் நன்றாகப் பிரிந்தால் நூற்றில் 25, 30 வாங்கியவர்கூட மேடை ஏறலாம். மீதி 70 பேருக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காவிட்டாலும் கவலையில்லை.

சிறந்த படத்துக்கு மட்டும் கதை வேறு. 2010 விழாவில் போட்டியிடும் படங்களின் எண்ணிக்கை ஐந்திலிருந்து பத்தானபோது, விருப்ப வரிசை வாக்கு முறையும் திரும்ப வந்தது. 1930களிலும் 40களின் முற்பகுதியிலும் இருந்த முறைதான். உறுப்பினர் தனக்குப் பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று படங்களுக்கு எண் போடுகிறார். யாருக்கும் பாதிக்கு மேல் முதலிட வாக்கு கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்கும் படத்தை நீக்கிவிட்டு, அதற்கு விழுந்த வாக்குகளை அடுத்த விருப்பத்தின்படி பகிர்ந்து கொடுப்பார்கள். ஏதாவது ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இது தொடரும்.

நமக்கு இது புதிதல்ல. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் இப்படித்தான் நடக்கிறது. 1969இல் இரண்டாம் விருப்ப வாக்குகளை எண்ணிய பிறகே வி.வி.கிரி வென்றார். இலங்கையின் அதிபர் தேர்தலிலும் விருப்பு வாக்கு உண்டு. 2024இல் முதன்முறையாக அதை எண்ண வேண்டி வந்து, அநுர குமார திசாநாயக்க தேர்வானார்.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூறு வாக்காளர்கள், நான்கு படங்கள். போர்ப் படத்துக்கு 38 முதலிட வாக்குகள், குடும்பப் படத்துக்கு 29, இசைப் படத்துக்கு 20, குற்றப் படத்துக்கு 13. நேரடித் தேர்தலாக இருந்தால் போர்ப் படம் வென்று, அதன் தயாரிப்பாளர் மேடையில் அழுதுகொண்டிருப்பார். இங்கே 51 வேண்டும். எனவே குற்றப் படம் நீங்குகிறது. அதன் 13 வாக்குச் சீட்டுகளில் இரண்டாமிடத்தில் யார் என்று பார்க்கிறார்கள்: 3 போர்ப் படத்துக்கு, 8 குடும்பப் படத்துக்கு, 2 இசைப் படத்துக்கு. இப்போது 41, 37, 22. அடுத்து இசைப் படம் நீங்குகிறது. அதன் 22 சீட்டுகளில் 7 போர்ப் படத்தின் பக்கமும் 15 குடும்பப் படத்தின் பக்கமும் போகின்றன. முடிவு: போர்ப் படம் 48, குடும்பப் படம் 52.

முதல் சுற்றில் ஒன்பது வாக்குகள் பின்தங்கிய படம் ஜெயித்துவிட்டது. போர்ப் படத்தைக் கொண்டாடியவர்கள் அதிகம்தான், ஆனால் மற்றவர்கள் அதை வரிசையின் அடியில் தள்ளியிருந்தார்கள். குடும்பப் படத்தை வெறுத்தவர்கள் குறைவு.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 2022 விழாவைப் பார்த்தால் எல்லாம் விளங்கும். 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு வந்தது. விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாடிய, இறுக்கமான, மெதுவான படம். 'கோடா' மூன்றே பரிந்துரைகளோடு வந்தது. இயக்கத்துக்கோ படத்தொகுப்புக்கோ பரிந்துரை இல்லை. அந்த இரண்டும் இல்லாமல் ஒரு படம் சிறந்த படமாவது 1932இல் 'கிராண்ட் ஹோட்டல்' வென்ற பிறகு நடந்ததே இல்லை. செவித்திறனற்ற குடும்பத்தில் பிறந்து, பாடகியாக விரும்பும் பெண்ணின் கதை. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பத்துப் படங்களில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ அதைப் போடாதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். 'கோடா' மூன்றுக்கு மூன்றையும் வென்றது. 'பவர் ஆஃப் தி டாக்' படத்துக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, ஜேன் கேம்பியனுக்கான இயக்குநர் விருது. அதே வாக்காளர்கள்தான், அதே வாரம்தான். இயக்குநர் பிரிவில் அதிக வாக்கு போதும், படத்துக்கோ பாதியைத் தாண்ட வேண்டும். என் அனுமானத்தில் இந்த வேறுபாடுதான் அந்த இரவைத் தீர்மானித்தது.

2013 முதல் 2022 வரை நடந்த பத்து விழாக்களில் ஆறு முறை சிறந்த படமும் சிறந்த இயக்குநரும் வெவ்வேறு படங்களுக்குப் போயின. முன்பும் இப்படிப் பிரிந்ததுண்டு, ஆனால் இவ்வளவு அடிக்கடி இல்லை. 2023 முதல் 2025 வரை மூன்று ஆண்டுகளும் இரண்டும் ஒரே படத்துக்குப் போனதால், இதையும் கண்ணை மூடிக்கொண்டு விதியாக்கிவிட முடியாது. ஆனாலும் சிறந்த படத்தைக் கணிக்கும்போது நான் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தைக் கண்டாலே எரிச்சலடைகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

முன்னே வரும் விருதுகள்

ஜனவரியில் தொடங்கி ஆஸ்கர் வரை வரிசையாக விருது விழாக்கள் நடக்கும். புதியவர்கள் செய்யும் முதல் காரியம் எல்லாவற்றையும் கூட்டிக் கழிப்பது: இவருக்கு மூன்று, அவருக்கு ஒன்று, ஆகவே இவர். அப்படிக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு விருதையும் பார்த்துக் கேட்க வேண்டியது, அதைக் கொடுப்பவர்களுக்கு ஆஸ்கரில் வாக்கு உண்டா என்பதுதான்.

கோல்டன் குளோப் விழாவில் ஆடம்பரம் அதிகம், தொலைக்காட்சியில் பார்க்க நன்றாக இருக்கும். அதைக் கொடுப்பவர்கள் பத்திரிகையாளர்கள். நெடுங்காலம் அவர்கள் நூறு பேர்கூட இல்லை. ஆஸ்கர் வாக்காளர் பட்டியலோடு அவர்களுக்குத் தொடர்பே கிடையாது. ஒரு படத்தைப் பேசவைக்க அந்த விருது உதவும், அவ்வளவுதான்.

தொழிற்சங்க விருதுகள் அப்படியல்ல. இயக்குநர்கள் சங்கம், தயாரிப்பாளர்கள் சங்கம், நடிகர்கள் சங்கம் ஆகியவற்றில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் அகாடமியிலும் இருக்கிறார்கள். இயக்குநர்கள் சங்க விருது 1940களின் இறுதியிலிருந்து கொடுக்கப்படுகிறது. 2025 விழா வரை அதை வென்றவர் ஆஸ்கரைத் தவறவிட்டது எட்டே முறைதான். அதில் ஒன்று விசித்திரமானது: 2013இல் 'ஆர்கோ' படத்துக்காகச் சங்கத்தின் விருதை வென்ற பென் அஃப்லெக், ஆஸ்கரில் இயக்குநர் பிரிவில் பரிந்துரைக்கப்படவே இல்லை. இன்னொன்று 2020இல், சாம் மெண்டிஸை முந்தி 'பாரசைட்' இயக்குநர் பாங் ஜூன்-ஹோ வென்றது. முதல்முறையாகக் கணிப்புப் படிவம் நிரப்புகிறவர் இயக்குநர் பிரிவில் மூளையைக் கசக்கவே வேண்டாம். சங்கம் யாரைச் சொல்கிறதோ அவரை எழுதிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போகலாம்.

தயாரிப்பாளர்கள் சங்கம் ஆஸ்கரைப் போலவே விருப்ப வரிசை முறையில் எண்ணுகிறது. அதனால் சிறந்த படத்துக்கு அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. ஆனாலும் அதுவும் சறுக்கியிருக்கிறது. 2016, 2017, 2020 மூன்று ஆண்டுகளிலும் சங்கம் சொன்ன படம் ஒன்று, ஆஸ்கர் வென்ற படம் வேறு.

சில ஆண்டுகளில் கணிப்பாளருக்கு வேலையே இருக்காது. 2009இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் சங்கங்களின் விருதுகளையும் பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவையும் வாரிச் சுருட்டிக்கொண்டு வந்து, எட்டு ஆஸ்கர் வென்றது. கோல்டன் குளோபிலும் பாஃப்டாவிலும் இசைக்காக வென்றிருந்த ஏ.ஆர்.ரஹ்மான் ஆஸ்கரில் தோற்பார் என்று எழுத யாருக்கும் துணிவு இருந்திருக்காது. இரண்டு விருதுகளை வென்ற அவர் மேடையில் நின்று 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொன்னதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை, கணிப்பின் சுவாரசியம் அதில் துளியும் இல்லாவிட்டாலும்.

சுவாரசியம் நடிப்புப் பிரிவுகளில்தான் இருக்கிறது. 2021 விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்விக் போஸ்மன் அதற்கு முந்தைய ஆகஸ்டில் 43 வயதில் இறந்திருந்தார். அவருடைய கடைசிப் படத்துக்காகக் கோல்டன் குளோப், விமர்சகர்கள் விருது, நடிகர்கள் சங்க விருது மூன்றும் வந்துவிட்டன. வழக்கமாகச் சிறந்த படத்தோடு முடியும் விழாவை அந்த ஆண்டு சிறந்த நடிகரோடு முடிக்கும்படி மாற்றியிருந்தார்கள். போஸ்மனுக்கான அஞ்சலியாக விழா நிறைவுறும் என்று பார்த்தவர்களெல்லாம் நினைத்தார்கள். உறையைப் பிரித்தால் அந்தோணி ஹாப்கின்ஸ். 83 வயதுக்காரரான அவர் விழாவுக்கே வரவில்லை, வேல்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். நன்றி சொல்ல மேடையில் ஆளில்லாமல் விழா சட்டென்று முடிந்தது. காணொளி இன்றும் கிடைக்கிறது, அந்தச் சங்கடத்தைப் பாருங்கள்.

இது வெறும் விபத்தா? இல்லை என்பதற்கு ஒரு தடயம் இருந்தது. பிரிட்டனின் பாஃப்டா விருது இரண்டு வாரங்களுக்கு முன்பு ஹாப்கின்ஸுக்குப் போயிருந்தது. 2019இலும் இதேதான் நடந்தது. கிளென் குளோஸ் மூன்று முக்கிய விருதுகளோடு வந்தார், பாஃப்டா மட்டும் ஒலிவியா கோல்மனுக்கு, ஆஸ்கரும் கோல்மனுக்கு. 2025இல் டெமி மூருக்கு அதே மூன்று, பாஃப்டா மைக்கி மேடிசனுக்கு, ஆஸ்கரும் மேடிசனுக்கு. அமெரிக்காவுக்கு வெளியே வாக்காளர்கள் பெருகியிருக்கிறார்கள் என்று முன்பு சொன்னது இங்கே பொருந்தி வருகிறது.

அதற்காகப் பாஃப்டாவைக் குலதெய்வமாக்கிவிடவும் கூடாது. 2023இல் பாஃப்டா, கேட் பிளான்செட்டையும் ஆஸ்டின் பட்லரையும் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கர் மிஷெல் யோவுக்கும் பிரெண்டன் ஃப்ரேசருக்கும் போனது. அந்த ஆண்டு நடிகர்கள் சங்கம் சொன்னது பலித்தது. ஆகவே இரண்டும் ஒருவரையே சொன்னால் நிம்மதியாக எழுதலாம். இரண்டும் வெவ்வேறு பெயரைச் சொன்னால் அது உண்மையான போட்டி, யாராவது 'உறுதி' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கணினியையும் புள்ளிவிவரத்தையும் வைத்துக் கணிப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் தேர்தல் கணிப்பால் பெயர் பெற்ற நேட் சில்வர் 2009இல் ஆறு பிரிவுகளை முயன்று நான்கில் சரியாகச் சொன்னார். ரஹ்மான் வென்ற அந்த எளிதான ஆண்டில் நான்கு பெரிய சாதனையல்ல. அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆஸ்கர் வாக்குகளின் எண்ணிக்கை ஒருநாளும் வெளியிடப்படுவதில்லை. ஆண்டுக்கு ஒரு தேர்தல், அதிலும் விதிகளும் வாக்காளர்களும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கணிதத்துக்கு இவ்வளவு சிறிய தீனி போதாது.

'சிறந்த' என்றால் 'அதிகமான'

நுட்பப் பிரிவுகளுக்கு வருவோம். எல்லாத் துறையினரும் எல்லாப் பிரிவுக்கும் வாக்களிக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? படத்தொகுப்பின் நுணுக்கத்தை ஒரு விளம்பர அதிகாரி எப்படி அளப்பார்? கண்ணுக்குத் தெரிவதை அளப்பார். எனவே 'சிறந்த' என்ற சொல்லுக்குப் பதிலாக 'அதிகமான' என்று போட்டுப் படித்தால் பாதிப் படிவம் தானாக நிரம்பிவிடும் என்பது கணிப்பாளர்களிடையே பழைய வேடிக்கை. அதிகமான ஆடைகள்: அரண்மனைகளும் பழைய நூற்றாண்டுகளும் வரும் படம். அதிகமான படத்தொகுப்பு: வெட்டு வெட்டாகப் பாயும் படம். அதிகமான ஒப்பனை: நடிகரை அடையாளம் தெரியாமல் ஆக்கியது.

ஒப்பனையில் ஒரு உபரி லாபமும் இருக்கிறது. 2012இல் மெரில் ஸ்ட்ரீப், 2018இல் கேரி ஓல்ட்மன், 2022இல் ஜெசிகா சாஸ்டெயின், 2023இல் பிரெண்டன் ஃப்ரேசர் ஆகிய நால்வரும் நடிப்புக்கு வென்ற அதே படங்கள் ஒப்பனைக்கும் வென்றன. முகத்தையே மாற்றிக்கொண்ட நடிகர் முன்னணியில் இருந்தால் இரண்டு கட்டங்களையும் சேர்த்தே நிரப்பிவிடலாம்.

'இனியாவது கொடுக்க வேண்டும்' என்ற அனுதாபமும் ஒரு கணக்கு. மார்ட்டின் ஸ்கோர்செசிக்கு 2007இலும் லியோனார்டோ டிகாப்ரியோவுக்கு 2016இலும் அது கைகொடுத்தது. எட்டு முறை பரிந்துரைக்கப்பட்ட கிளென் குளோஸுக்குக் கைகொடுக்கவில்லை. அதை நம்பி மட்டும் எழுத வேண்டாம்.

பிடித்தது வேறு, கணிப்பு வேறு

அனுபவமுள்ளவர்கள் படிவத்தில் இரண்டு பத்தி வைத்துக்கொள்வார்கள். ஒன்றில் வெல்லப்போவது, மற்றதில் வெல்ல வேண்டியது. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான். தனக்குப் பிடித்த படத்தைப் பத்தாயிரம் பேருக்கும் பிடித்திருக்கும் என்று மனம் நம்ப ஆசைப்படுகிறது. இரண்டாம் பத்தி இருந்தால் அந்த ஆசைக்கு ஓர் இடம் கிடைத்துவிடும், முதல் பத்தி சுத்தமாக இருக்கும்.

இரண்டாம் பத்திதான் காலப்போக்கில் மதிப்புக் கூடுவது என்பது என் கட்சி. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடச் சிறந்த இயக்குநராகவில்லை. பீட்டர் ஓ'டூல் எட்டு முறை நின்றும் போட்டியில் வெல்லவில்லை. 'சிட்டிசன் கேன்' 1942 விழாவில் சிறந்த படமாகவில்லை. வென்ற 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' நல்ல படம்தான், பாவம், அன்றிலிருந்து 'சிட்டிசன் கேன்' படத்தைத் தோற்கடித்த படம் என்ற பழியோடு வாழ்கிறது. சத்யஜித் ராய்க்கு ஒரு பரிந்துரைகூட வந்ததில்லை. 1992இல் கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடி கௌரவ ஆஸ்கரைப் பெற்றுக்கொண்டார், சில வாரங்களில் மறைந்தார். இவர்களுடைய படங்களை இன்றும் தேடிப் பார்க்கிறவர்கள் யாரும் விருதுப் பட்டியலைப் பார்த்துவிட்டு வருவதில்லை.

அப்படியானால் இந்தக் கணிப்பு எதற்கு என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. படம் பார்க்கத்தான். ஈரானிலும் பிரேசிலிலும் எடுக்கப்பட்ட படங்களை, ஆவணப் படங்களை, பெயரே கேள்விப்படாத அசைவூட்டப் படங்களைப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதே என்ற சாக்கில் பார்க்கத் தொடங்குகிறோம். கட்டம் நிரம்பிவிடும், சாக்கு மறந்துபோகும், படம் மறக்காது. 2023இல் அப்படி ஆவணக் குறும்படப் பிரிவை மேயப் போனவர்கள் முதுமலை தெப்பக்காட்டில் பொம்மனும் பெள்ளியும் ரகு என்ற யானைக்குட்டியை வளர்ப்பதைக் கண்டார்கள். கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' என்ற அந்தப் படம் விருதையும் வென்றது. பக்கத்து மாவட்டத்தில் இருந்துகொண்டு அதுவரை அந்த முகாமைப் பற்றி அறியாதவர்கள் எத்தனை பேர்!

படிவத்தை நிரப்பும்போது

நண்பர்களோடு போட்டி போடுகிறவர்களுக்கு ஒரு சூட்சுமம். பெரிய பிரிவுகளில் பெரும்பாலும் எல்லோரும் ஒன்றையே எழுதியிருப்பார்கள், அங்கே யாரும் முந்துவதில்லை. போட்டியை வெல்வது குறும்படங்களில்தான். கதைக் குறும்படம், ஆவணக் குறும்படம், அசைவூட்டக் குறும்படம் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் முன்னே வரும் சங்க விருதுகள் பெரிதாக உதவாது. வழிகாட்டி இல்லாததால் பெரும்பாலானவர்கள் தலைப்பைப் பார்த்து எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்து எழுதுகிறவருக்கு அங்கே தெளிவான சாதகம்.

இப்போது விதியும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்பெல்லாம் பெரும்பாலான பிரிவுகளில் அகாடமி உறுப்பினர் பார்க்காத படத்தை ஒதுக்கிவிட்டு, பார்த்த ஒன்றுக்கே வாக்குப் போடலாம். பெரிய பெயர்களுக்கு அது வசதியாக இருந்தது. 2026 விழாவிலிருந்து, ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவின் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று அகாடமி விதி வகுத்திருக்கிறது. நேர்மையாகப் பின்பற்றினால், சிறிய பிரிவுகளில் வாக்களிப்பவர் எண்ணிக்கை குறையும், இருப்பவர்கள் உண்மையாகவே படம் பார்த்தவர்களாக இருப்பார்கள். விளம்பரத்தால் மட்டும் வெல்வது கடினமாகும். வெளிநாட்டுப் படப் பிரிவிலும் குறும்படங்களிலும் இதன் பலன் முதலில் தெரியும் என்று எதிர்பார்க்கிறேன்.

எனவே பரிந்துரைகள் அறிவிக்கப்பட்டதும் இயக்குநர், ஒப்பனை, ஆடை ஆகியவற்றில் முதல் நாளே நேரம் செலவழிக்க வேண்டாம். சங்க விருதுகளும் பாஃப்டாவும் வரட்டும், நடிப்புப் பிரிவுகளை அதற்குப் பிறகு எழுதலாம். அதுவரை குறும்படங்களைப் பாருங்கள். மூன்று பிரிவுகளிலும் சேர்த்துப் பதினைந்து படங்கள், எதுவும் 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. பல படங்கள் இணையத்திலேயே கிடைக்கும். மொத்தமாகக் கூட்டினாலும் பத்து மணி நேரத்துக்கு மேல் போகாது, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடலாம்.